தேய்ந்த எஞ்சின் மவுண்டிங்கை மாற்றுவது எப்படி?

மாருதி 800, பழைய ஆல்டோ ஆகியவற்றில் இருப்பது 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின். நான்கு சிலிண்டர் எஞ்சினைவிட இதற்கு இயல்பாகவே ஆட்டம் அதிகம். அதை வண்டிக்குள் வரவிடாமல் தடுப்பது, எஞ்சினை வண்டியோடு பிடித்திருக்கும் மவுண்டிங்கின் ரப்பர்தான். அது வெடித்தால் சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங் நடுங்கும். கிளட்சை விடும்போது ‘டங்’ என்று இடிக்கும்.

சந்தேகம் வந்தால் பானெட்டைத் திறந்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடுங்கள். ஒருவர் உள்ளே அமர்ந்து பிரேக்கை நன்றாக அழுத்தியபடி, ரிவர்ஸ் கியரில் கிளட்சைக் கொஞ்சமாக விடட்டும். நீங்கள் பக்கவாட்டில் நின்று பாருங்கள். வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ நிற்கவே கூடாது. எஞ்சின் ஒரு பக்கம் துள்ளி எழுந்தால் அந்தப் பக்கத்து மவுண்டிங்கைச் சோதியுங்கள். ரப்பரில் ஆயில் படிந்திருந்தால் முதலில் கசிவை அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் புது ரப்பரும் ஊறிக் கெட்டுவிடும்.

எஞ்சின் ஆறிய பிறகு, சமதளத்தில் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். ஆயில் சம்ப்புக்கு (எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) அடியில் அகலமான மரப்பலகையும் அதன் கீழ் ஜாக்கியும் வையுங்கள். பலகை இல்லாமல் தூக்கினால் சம்ப் நசுங்கும். எஞ்சினின் எடையை ஜாக்கி ஏற்கும் வரை உயர்த்தினால் போதும். அதற்கு மேல் தூக்கினால் ஹோஸ்கள் இழுபடும். பின்பக்க மவுண்டிங்குக்காக வண்டிக்கு அடியில் போக வேண்டுமென்றால், வண்டியை ஜாக் ஸ்டாண்டில் (எடை தாங்கும் இரும்புக் கால்கள்) நிறுத்தாமல் போகாதீர்கள்.

ஒரு நேரத்தில் ஒரு மவுண்டிங்கை மட்டும் கழற்றுங்கள். எல்லாவற்றையும் சேர்த்துக் கழற்றினால் எஞ்சின் நகர்ந்துவிடும், துளைகள் நேராகச் சேராது. புதியதை வைத்து, எல்லா போல்ட்டுகளையும் கையால் திருகி ஏற்றுங்கள். இனிதான் பலரும் அவசரப்படும் இடம். ஜாக்கியை இறக்கி, எடை முழுவதும் ரப்பரில் அமர்ந்த பிறகே இறுக்க வேண்டும். முன்கூட்டியே இறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்று சீக்கிரம் கிழியும். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில், சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள்.

பழைய மவுண்டிங்கின் கூட்டில் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் கலவையை ஊற்றி மவுண்டிங்கைத் தாங்களே செய்துகொள்பவர்கள் உண்டு. பந்தயக் காருக்கு அது சரி. தினமும் குடும்பத்தோடு போகும் வண்டிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்: அது ரப்பரைவிடக் கடினம் என்பதால் அதிர்வு உள்ளே வரும்.

மாற்றிய பிறகும் நடுக்கம் குறையவில்லையா? ஸ்பார்க் பிளக்குகளைப் பாருங்கள். மூன்றில் ஒரு சிலிண்டர் எரியாவிட்டாலும் வண்டி இப்படித்தான் நடுங்கும்.