ஓட்டைகளை அடைக்காதீர்கள்: அபூர்வ ஸ்போர்ட்ஸ் கார் வாங்குபவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் தண்டையார்பேட்டையில் இருக்கும் என் பட்டறைக்கு ஒரு தம்பி ஆக்டேவியா ஆர்எஸ் 245 ஓட்டிக்கொண்டு வந்தார். ஸ்கோடா 2020-இல் இந்தியாவுக்கென்று 200 மட்டுமே கொண்டுவந்த கார். செகண்ட் ஹேண்டில் வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறதாம். "எல்லாத்தையும் மாத்திட்டேண்ணா, பாருங்க" என்றார் பெருமையாக. சக்கரம் வேறு, சைலன்சர் வேறு, ஸ்டியரிங்கும் வேறு. கழற்றிய சாமான் எங்கே என்று கேட்டேன். "அதையெல்லாம் ஆன்லைன்ல போட்டு வித்துட்டேண்ணா. நல்ல ரேட் வந்துச்சு."

திட்ட வாய் வரவில்லை. அந்த வயதில் நான் இதைவிட மோசமாகச் செய்திருக்கிறேன்.

ஆர்சி புத்தகம் பார், கடன் பாக்கி பார், இன்சூரன்ஸ் பார் என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது தெரியாதவர் முதலில் ஒரு ஸ்கூட்டர் வாங்கிப் பழகட்டும்.

எண்ணிக்கையைப் பார்த்து மயங்குவது

குறைவாகச் செய்தார்கள் என்பதால் மட்டும் ஒரு கார் அபூர்வம் ஆகிவிடாது. ஏன் குறைவாகச் செய்தார்கள் என்று கேளுங்கள். சாதாரண காரில் இரண்டு பட்டை ஸ்டிக்கர் ஒட்டி, டேஷ்போர்டில் ஒரு நம்பர் தகடு அடித்து விற்பது ஆடித் தள்ளுபடி மாதிரி ஒரு வியாபாரம், அவ்வளவுதான்.

இன்னொரு வகை உண்டு. ஒரு காரைப் பந்தயத்தில் இறக்க வேண்டுமானால் அதே மாதிரியை இத்தனை எண்ணிக்கை செய்து பொதுமக்களுக்கும் விற்றிருக்க வேண்டும் என்று பந்தய விதி சொல்லும். ஹோமோலோகேஷன் என்பார்கள். மெர்சிடிஸ் 1990-இல் 190இ காரின் எவல்யூஷன் 2 வகையைச் சரியாக 502 செய்தது, விதி 500 கேட்டதால். அதன் முதுகில் இருக்கும் ராட்சத இறக்கை அழகுக்கு வைத்தது இல்லை. அதற்கும் முன்னால், 1970-களில் வந்த பிஎம்டபிள்யூ 3.0 சிஎஸ்எல் கதை இன்னும் வேடிக்கை. அதன் பின் இறக்கைக்கு ஜெர்மனியின் சாலைகளில் அனுமதி இல்லை. கம்பெனி என்ன செய்தது? இறக்கையை டிக்கியில் வைத்துக் கொடுத்துவிட்டது. வாங்கியவர் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

சேகரிப்பவர்கள் தேடுவது இந்த மாதிரி காரணத்தை. தம்பியின் ஆக்டேவியா வேகமான, நாணயமான குடும்பக் கார். ட்ராக் கார் இல்லை. ஆனாலும் 200-இல் ஒன்று. முழுசாக இருந்தால் அதற்கும் மதிப்பு உண்டு.

இல்லாததைச் சேர்ப்பது

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

ட்ராக்குக்கென்று செய்த காரில், கம்பெனி எதையெல்லாம் வைக்காமல் விட்டதோ அதற்குத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். போர்ஷே 911 கரேரா ஆர்எஸ் 2.7 காரை எடுத்துக்கொள்வோம். 1972 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் வந்தது. பந்தய விதிக்கு 500 போதும். அதையே விற்க முடியுமா என்று கம்பெனிக்குள் பயம் இருந்தது. கடைசியில் 1,580 செய்தார்கள். அதில் 'லைட்வெயிட்' என்ற வகை சுமார் 200 மட்டும். தகடு மெலிசு, கண்ணாடி மெலிசு, பின் சீட் கிடையாது, கதவை உள்ளிருந்து திறக்க ஒரு வார்ப்பட்டை. எடை ஆயிரம் கிலோகூட இல்லை. மற்றவற்றில் பெரும்பாலானவை 'டூரிங்', சகல வசதியும் உண்டு. புதிதில் டூரிங்தான் விலை அதிகம். இன்று ஏலத்தில் லைட்வெயிட்டுக்குத்தான் அதிகம் கொடுக்கிறார்கள்.

1987-இல் வந்த ஃபெராரி எஃப்40-இலும் கதவைத் திறக்க உள்ளே ஒரு கயிறுதான். பெயின்டை அவ்வளவு மெல்லிசாக அடித்திருக்கிறார்கள், அடியில் இருக்கும் கார்பன் ஃபைபரின் நெசவு தெரியும். அதைப் பார்த்து "இன்னொரு கோட்டிங் அடிச்சிடலாமா சார்?" என்று கேட்கக்கூடிய ஓர் ஆள் எனக்குத் தெரியும். 1994-இல் இருந்த நான்.

சோழவரத்தை இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. இருங்காட்டுக்கோட்டையில் ட்ராக் வருவதற்கு முன்னால் மெட்ராஸின் ரேஸ் எல்லாம் அங்கேதான். ரேஸ் நாளில் நாங்கள் செங்குன்றம் வழியாக சைக்கிள் மிதித்துப் போவோம்.

அங்கே ஓடிய ஃபியட் ஒன்று பெரம்பூரில் ஒரு வீட்டு வேப்பமரத்தடியில் நின்றிருந்தது. பதினெட்டாயிரத்துக்கு வாங்கினேன். பின் சீட் இல்லை. கதவில் பேட் இல்லை, நார்ப்பட்டை தொங்கியது. பின் ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் கீறல் விழுந்த அக்ரிலிக். பானெட்டுக்கு இரண்டு தோல் வார். எடை குறைக்க, கண்ட தகட்டிலெல்லாம் வரிசையாக ட்ரில் போட்டு ஓட்டை. கதவில் கையால் எழுதிய வட்ட நம்பர் பாதி உரிந்திருந்தது.

எனக்கு அது அழுக்குக் காராகத் தெரிந்தது. ஒவ்வோர் ஓட்டையாக வெல்டு வைத்து அடைத்தேன். பதினோரு நாள். பட்டி பார்த்து, தேய்த்து, பளபளவென்று கிரீம் கலர் அடித்தேன். புது ரெக்சின் சீட், குரோம் பம்பர். அக்ரிலிக், வார், நார்ப்பட்டை எல்லாம் மூட்டையாகக் காயலான் கடைக்குப் போனது. எடை போட்டுக் கொடுத்ததில் இரண்டு டீ, ஒரு பன் வந்தது. எங்கள் மேஸ்திரி ஒரு தடவை மட்டும் "எதுக்குடா அதெல்லாம்?" என்று கேட்டார். நான் காதில் வாங்கவில்லை.

மூன்றாம் மாதம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். கையில் கருப்பு வெள்ளைப் படம். சோழவரத்தில் வளைவு திரும்பும் அதே ஃபியட். சேசிஸ் நம்பரைச் சரிபார்த்தார். சரிதான். கதவைத் திறந்து உள்ளே தடவிப் பார்த்தார். "பட்டை எங்கே தம்பி?" என்று கேட்டார். சொன்னேன். டீ வாங்கிக் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போய்விட்டார். எவ்வளவு தருவதாக இருந்தார் என்று நான் கேட்கவில்லை. அந்தக் கார் பிறகு கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு ஓடியது.

இப்போது சட்டமே இதைப் பேசுகிறது. 50 வயது தாண்டிய வாகனங்களுக்கு 2021-இல் மத்திய அரசு தனிப் பதிவு கொண்டுவந்தது. நம்பர் தகட்டில் 'விஏ' என்று வரும். வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், சேசிஸ், பாடி, இன்ஜின் மாற்றப்பட்டிருக்கக் கூடாது என்பது நிபந்தனை.

கழற்றியதை விற்பது

விற்காதீர்கள். துணியில் சுற்றிப் பரணில் போடுங்கள்.

நம்பரைப் பார்க்காமல் காசு கொடுப்பது

ஆர்எஸ் 2.7 மாதிரி பின் இறக்கையும் பக்கவாட்டு எழுத்தும் வைத்த சாதாரண 911-கள் உலகம் முழுக்க ஏராளம். இறக்கையை யாரும் வாங்கி மாட்டலாம். சேசிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் கம்பெனியின் பழைய பதிவேட்டோடு ஒத்துப்போகிறதா என்பதுதான் பேச்சு. நம்பர் அடித்த இடத்தில் தேய்த்த தடம், புது பெயின்ட், சுற்றிலும் வெல்டு இருந்தால் டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

கடற்காற்றை மறப்பது

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் இருப்பவர்களுக்கு இது. மெலிசான தகட்டை உப்புக்காற்று சீக்கிரம் தின்றுவிடும். பிளாஸ்டிக் கவர் போட்டு இறுக்கிக் கட்டினால் ஈரம் உள்ளேயே நின்று இன்னும் வேகமாகத் தின்னும். பருத்திக் கவர் போடுங்கள். வாரம் ஒரு முறை திறந்து காற்றாட விடுங்கள், மாதம் ஒரு முறையாவது இன்ஜின் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டுங்கள். வியாசர்பாடி, புளியந்தோப்பு ஆட்கள் மழைக்காலத்துக்கு மேட்டில் ஓர் இடம் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

டயரில் பட்டன் இருக்கிறதே என்று ஓட்டுவது

பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், டயர் செய்த வாரமும் வருடமும். அதைப் பாருங்கள்.

நாளைக்கே விலை ஏறும் என்று வாங்குவது

2016-இல் போர்ஷே 911 ஆர் என்று 991 கார்கள் செய்தது. கியர் கையால்தான் போட வேண்டும், பெரிய இறக்கை கிடையாது. டெலிவரி எடுத்த கையோடு சிலர் பல மடங்கு விலை சொன்னார்கள். அடுத்த வருடமே கம்பெனி கிட்டத்தட்ட அதே ருசியில் ஜிடி3 டூரிங்கை இறக்கியது. ஏறிய விலை இறங்கியது, கடைசியாக வாங்கியவர் கையைச் சுட்டுக்கொண்டார். ஒரு காரை அபூர்வம் ஆக்கியதே கம்பெனிதான் என்றால், அதே மாதிரி இன்னொன்று செய்யவும் அதனால் முடியும்.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். கழற்றியதை யாரிடம் விற்றாரோ அவர்களைத் தேடிப் பிடிக்கச் சொன்னேன். ஸ்டியரிங் திரும்பி வந்துவிட்டது, விற்றதைவிட இரண்டு மடங்கு விலைக்கு. சக்கரம் மூன்று கிடைத்திருக்கிறது. நான்காவது ஓசூரில் ஒருவரிடம் ஸ்டெப்னியாகக் கிடக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் போகிறோம்.