தைரோயிட் ரிப்போட்டைப் படிப்பது எப்படி, குளிசையைச் சரியாகப் போடுவது எப்படி?

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு லாப்பில் காலையில் இரத்தம் கொடுத்தால் பெரும்பாலும் மாலைக்குள் ரிப்போட் ஃபோனுக்கு வந்துவிடுகிறது. டொக்டரைக் காண முன்னரே, எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள நட்சத்திரக் குறியைப் பார்த்துப் பலர் பதறிப்போகிறார்கள். அந்தக் குறியை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. இரண்டு எண்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும்.

1. சரியான டெஸ்ட்

ரி.எஸ்.எச். (தைரோயிட் சுரப்பியைத் தூண்ட பிட்யூட்டரி அனுப்பும் ஹோர்மோன்), ஃப்ரீ ரி4 (தைரோயிட் சுரக்கும் ஹோர்மோனில் இரத்தத்தில் கட்டுப்படாமல் இருக்கும் பகுதி) இரண்டும் போதும். மொத்த ரி3, மொத்த ரி4 எல்லாவற்றையும் சேர்த்து விற்கும் "புரொஃபைல்" பலருக்கு வீண் செலவு. கர்ப்ப காலத்திலும் கருத்தடை மாத்திரை எடுக்கும்போதும் சுரப்பியில் கோளாறு இல்லாமலே மொத்த அளவுகள் ஏறும்.

இதற்குப் பட்டினி கிடக்கத் தேவையில்லை. ஏற்கெனவே தைரொக்சின் (தைரோயிட் குறைவுக்குக் கொடுக்கும் ஹோர்மோன் குளிசை) எடுப்பவர்கள் அன்றைய குளிசையை இரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள். முன்னரே போட்டால் சில மணி நேரத்துக்கு ஃப்ரீ ரி4 உயர்ந்து காட்டும். முடி, நகம் வளரவென்று பயோட்டின் என்ற விற்றமின் எடுப்பவர்கள் குறைந்தது 2 நாட்களுக்கு முன் நிறுத்த வேண்டும். சில இயந்திரங்களில் அது ரி.எஸ்.எச்.ஐக் குறைத்தும் ஃப்ரீ ரி4ஐக் கூட்டியும் காட்டிவிடும். இல்லாத நோய்க்கு மருந்து தொடங்குவது இப்படித்தான். டெங்குவில் வார்ட்டில் கிடக்கும்போது செய்த டெஸ்டையும் நம்ப வேண்டாம், உடம்பு தேறிய பிறகு திரும்பச் செய்யுங்கள்.

2. அலகைப் பாருங்கள்

ரி.எஸ்.எச். பொதுவாக 0.4 முதல் 4 வரை இருக்கும். ஃப்ரீ ரி4ஐ ஒரு லாப் பிகோமோலிலும் இன்னொன்று நனோகிராமிலும் தரும். டெசிலீற்றருக்கு 1.2 நனோகிராம் என்றால் அதை 12.87ஆல் பெருக்குங்கள்: லீற்றருக்கு ஏறத்தாழ 15.4 பிகோமோல். போன மாதம் 1.2, இந்த மாதம் 15 என்று கண்டு பயப்பட ஒன்றுமில்லை, இரண்டும் ஒரே அளவுதான். எந்த எண்ணையும் அதே தாளில் அச்சிட்டுள்ள வரம்போடுதான் ஒப்பிட வேண்டும். முடிந்தவரை ஒரே லாப்பில், ஒரே நேரத்தில் செய்யுங்கள்.

3. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்

ரி.எஸ்.எச். கூடி ஃப்ரீ ரி4 குறைந்தால் சுரப்பி போதிய அளவு சுரக்கவில்லை. ரி.எஸ்.எச். குறைந்து ஃப்ரீ ரி4 கூடினால் ஹோர்மோன் மிகை. அதன் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் மருந்து தொடங்கக் கூடாது. சுரப்பி அழற்சியால் வந்த மிகை தானாகவே அடங்கும், உடம்பின் எதிர்ப்பொருளே சுரப்பியைத் தூண்டிவிடும் கிரேவ்ஸ் நோய் அப்படியல்ல.

சாதாரணமாகத் தவறவிடப்படுவது வேறொன்று: ஃப்ரீ ரி4 குறைவு, ஆனால் ரி.எஸ்.எச். வரம்புக்குள். "ரி.எஸ்.எச். நோர்மல்தானே" என்று விட்டுவிடுவார்கள். இங்கே கோளாறு மூளையடியிலுள்ள பிட்யூட்டரியில் இருக்கலாம். பிரசவத்தில் அதிகம் இரத்தம் போன பெண்களில் இதைக் கட்டாயம் நினைக்க வேண்டும். இப்படியானவர்களுக்கு கோட்டிசோல் (அட்ரீனல் சுரப்பியின் ஹோர்மோன்) அளவைப் பார்க்காமல் தைரொக்சின் தொடங்குவது ஆபத்து. தேசிய வைத்தியசாலை போன்ற இடத்தில் உள்ள அகஞ்சுரப்பியியல் கிளினிக்குக்குத் துண்டு கேட்டு வாங்குங்கள்.

4. மருந்து தேவையா?

ரி.எஸ்.எச். 7, ஃப்ரீ ரி4 சரி என்று வைத்துக்கொள்வோம். அன்றே குளிசை தொடங்க வேண்டிய அவசரம் பெரும்பாலும் இல்லை. 2 முதல் 3 மாதத்தில் திரும்பச் செய்து, கூடவே தைரோயிட்டைத் தாக்கும் ரி.பீ.ஓ. எதிர்ப்பொருளையும் பாருங்கள். பலருக்கு அடுத்த முறை எண் தானாக இறங்கியிருக்கும். 10க்கு மேல் நிலைத்து நின்றால் பொதுவாக மருந்து தேவை. கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்கு முயல்பவர்களும் காத்திருக்கக் கூடாது, அவர்களுக்கு வரம்பே வேறு.

5. அளவு

சுரப்பி முற்றாகச் செயலிழந்தால் உடல் எடையின் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.6 மைக்ரோகிராம் தைரொக்சின். 60 கிலோ என்றால் கிட்டத்தட்ட 100. வயதானவர்களுக்கும் இதய நோயாளர்களுக்கும் 12.5 அல்லது 25இல் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். அளவை மாற்றிய பின் 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் ரி.எஸ்.எச். பார்க்க வேண்டும். இரண்டே வாரத்தில் பார்த்து இன்னும் கூட்டினால் பிறகு நெஞ்சுப் படபடப்புதான் மிச்சம்.

6. குளிசை போடும் முறை

"100 போட்டும் ரி.எஸ்.எச். இறங்கவில்லை" என்ற முறைப்பாட்டுக்குக் காரணம் பெரும்பாலும் காலைத் தேத்தண்ணி. குளிசையை வெறும் தண்ணீரோடு, வெறும் வயிற்றில் போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் எதுவும் எடுக்கக் கூடாது. பால்மாத் தேத்தண்ணி, பிளேன்டீ, கோப்பி, கொலகந்த எல்லாமே இதில் அடங்கும். இரும்பு, கல்சியம் குளிசைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும், கர்ப்ப கிளினிக்கில் இரண்டையும் கையில் தருவதால் இது அடிக்கடி பிழைக்கும். காலையில் சரிவராதவர்கள் இரவுச் சாப்பாட்டுக்கு 3 மணி நேரம் கழித்துப் படுக்கும் முன் போடலாம். எந்த நேரமானாலும் அதை நாளுக்கு நாள் மாற்றாதீர்கள்.

கொழும்பு வெக்கையும் ஈரமும் இந்தக் குளிசைக்கு எதிரி. அடுப்படி ஜன்னலில் வைக்காதீர்கள். உறையிலிருந்து மொத்தமாகப் பிரித்துப் போத்தலில் கொட்டி வைக்கவும் வேண்டாம்.

ஏற்கெனவே குளிசை எடுப்பவர் கர்ப்பம் உறுதியானதும் அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்காமல் டொக்டரிடம் சொல்ல வேண்டும். தேவை கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை கூடும். வாரத்துக்கு 7க்குப் பதில் 9 குளிசை என்று கொடுப்பது வழமை, பிறகு பாதிக் கர்ப்பம் வரை 4 வாரத்துக்கு ஒருமுறை டெஸ்ட்.

7. கார்பிமசோல் எடுப்பவர்களுக்கு

ஹோர்மோன் மிகைக்குக் கொடுக்கும் இந்தக் குளிசை அபூர்வமாக வெள்ளணுக்களை அடியோடு வீழ்த்திவிடும். தொண்டை நோவு, காய்ச்சல், வாய்ப்புண் வந்தால் பனடோலோடு சமாளிக்காதீர்கள். கார்பிமசோலை நிறுத்திவிட்டு அன்றைக்கே எஃப்.பீ.சி. (இரத்த அணுக்களை எண்ணும் டெஸ்ட்) செய்து, கார்பிமசோல் எடுப்பதைச் சொல்லி டொக்டரிடம் ரிப்போட்டைக் காட்டுங்கள்.