அந்தக் கடிதத்தை வீட்டில் வைக்காதீர்கள்: பிள்ளையின் ஆட்டிசம் பரிசோதனைக்குக் காத்திருப்பவர்களுக்கு

போன வாரம் கோயிலில் ஒரு பெண்ணைப் பார்த்தேன். தேனிப் பக்கமிருந்து இங்கே மலேசியாவுக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறதாம். இடுப்பில் இரண்டரை வயதுப் பையன். பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று கிளினிக்கில் காட்டியிருக்கிறாள். "சூராட் எழுதிக் கொடுத்துட்டாங்கக்கா. ஆஸ்பத்திரியில இருந்து போன் வரும்னு காத்திருக்கோம்" என்றாள். சூராட் என்றால் கடிதம், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் பரிந்துரை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. "அந்தக் கடிதம் இப்ப எங்க இருக்கு?" என்று கேட்டேன். "வீட்ல பீரோவுலதான்க்கா." நாளைக்கே எடுத்துக்கொண்டு ஓடு என்று சொல்லி அனுப்பினேன். அவளிடம் அவசரமாகச் சொன்னதை இங்கே நிதானமாக எழுதுகிறேன். கூலிம், லூனாஸ், பாடாங் செராய் பக்கம் குடும்பத்தோடு வருகிறவர்கள் தயவு செய்து படித்துவிடுங்கள்.

என் கணவருக்கு கூலிம் ஹை-டெக் பார்க்கில் வேலை. வாடகை குறைவு, கோயிலும் தமிழ்க் கடையும் நடந்து போகும் தூரம் என்பதால் வீடு பாடாங் செராயில். சுற்றிலும் செம்பனை, அதாவது பாமாயில் மரத் தோட்டங்கள். நாங்கள் வந்து இறங்கியபோது மகளுக்கு இரண்டு வயது இரண்டு மாதம்.

முதல் படிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கிளினிக் கெசிஹாத்தான் என்பது நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம் மாதிரி. பாஸ்போர்ட், பிள்ளையின் டிபென்டன்ட் பாஸ், ஊரில் தடுப்பூசி போட்ட அட்டை மூன்றையும் எடுத்துப் போங்கள். குடிமக்கள் ஒரு வெள்ளி (ரிங்கிட்டை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) கட்டுகிற இடத்தில் நமக்கு வெளிநாட்டவர் கட்டணம், பல மடங்கு. மனம் வலிக்கும், கட்டிவிடுங்கள். கெடா மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். பக்கத்துப் பினாங்கில் சனி, ஞாயிறு. இது தெரியாமல் முதல் வெள்ளிக்கிழமை பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். ஆனால் இதில் ஒரு நன்மையும் உண்டு. என் கணவருக்கு ஞாயிறு விடுமுறை, அன்று கிளினிக் திறந்திருக்கும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தனியாக அலைய வேண்டியதில்லை.

உள்ளே எம்-சாட் என்ற கேள்வித்தாள் ஒன்றை வைத்துக் கேட்பார்கள். விரல் நீட்டிக் காட்டுகிறாளா, பெயர் சொன்னால் திரும்புகிறாளா, நீங்கள் பார்க்கும் திசையில் அவளும் பார்க்கிறாளா என்று போகும். இது முதல் வடிகட்டல் மட்டும்தான், இதை வைத்து ஆட்டிசம் என்று முடிவு செய்ய மாட்டார்கள். ஆனால் இங்கே உண்மையாகப் பதில் சொல்ல வேண்டும். பத்துத் தடவை கூப்பிட்டு ஒரு தடவை திரும்பினால் அது "ஆம்" ஆகாது. பெற்ற மனசு எப்போதும் அந்த ஒரு தடவையைத்தான் நினைவில் வைத்திருக்கும். நானும் இரண்டு கேள்விகளுக்கு அப்படித்தான் சொன்னேன். மிஸ்ஸி, இங்கே நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவார்கள், என் முகத்தைப் பார்த்துவிட்டு அதே கேள்விகளை மறுபடி மெதுவாகக் கேட்டார். அதன் பிறகுதான் டாக்டரிடம் அனுப்பினார்கள். டாக்டர் ஒரு கடிதம் கொடுத்தார். சூராட் ருஜுக்கான், அதாவது பெரிய ஆஸ்பத்திரிக் குழந்தை நிபுணருக்குப் பரிந்துரைக் கடிதம். அது மார்ச் மாதம்.

நாங்கள் இடறி விழுந்தது இங்கேதான்.

நம் ஊரில் என்ன பழக்கம்? பணம் கட்டினால் அதே வாரம் பார்க்கும் தனியார் மையங்கள் இருக்கின்றன. அரசு ஆஸ்பத்திரி என்றால் நேரே போய் உட்கார்ந்துவிடலாம், சாயங்காலத்துக்குள் யாராவது பார்த்துவிடுவார்கள். இங்கே நிபுணரைப் பார்க்கத் தேதி வேண்டும், அது ஏழெட்டு மாதம் கூடத் தள்ளிப் போகும் என்று ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தோம். அதனால் கடிதம் கைக்கு வந்ததும், வரிசையில் நின்றுவிட்டோம், முறை வரும்போது கூப்பிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டோம். கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மகளின் தடுப்பூசி அட்டையோடு பத்திரமாக வைத்தேன். ஏப்ரல் போனது. மே போனது. போன் அடிக்கும்போதெல்லாம் ஓடிப் போய் எடுப்பேன், கடன் அட்டை விற்கிறவனாக இருக்கும். ஜூன் போனது.

எதிர் வீட்டு அக்கா முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். தோட்டம் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது டவுனுக்கு வந்தவர்களில் ஒருவர். ஜூலையில் ஒரு நாள் அவர் தற்செயலாகக் கேட்டார்: "ஏம்மா, பிள்ளைக்கு எப்ப தேதி?" இன்னும் போன் வரவில்லை என்றேன். "போன் பண்ணுவாங்கன்னு யாரு சொன்னா? சூராட்ட நீதான் கொண்டு போயி கவுண்டர்ல கொடுக்கணும். அப்பதான தேதி எழுதுவாங்க!" என்றார். எனக்குக் கை கால் ஓடவில்லை. பீரோவைத் திறந்து பார்த்தேன். மார்ச் மாதத் தேதி போட்ட கடிதம் மடிப்புக் கலையாமல் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு என் மகள் இருப்பதே தெரியாது. நாங்கள் நிற்காத ஒரு வரிசையில் நான்கு மாதம் காத்திருந்திருக்கிறோம்.

சில கிளினிக்குகள் தாங்களே தேதி வாங்கித் தருவதும் உண்டு. அதனால்தான் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள், குழப்பமும் வருகிறது. கடிதம் கைக்கு வந்த நிமிடமே, அங்கேயே கேளுங்கள்: "இதை நீங்கள் அனுப்புகிறீர்களா, நான் கொண்டு போக வேண்டுமா?" கொண்டு போக வேண்டும் என்றால் வீட்டுக்குத் திரும்பாமல் அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தெமு ஜன்ஜி அட்டையில், அதாவது டாக்டரைப் பார்க்கும் நாளைக் குறிக்கும் அட்டையில், தேதி எழுதி உங்கள் கையில் வரும்வரை நீங்கள் வரிசையில் இல்லை.

அடுத்த நாள் காலையில் அக்காவே என்னோடு பஸ் ஏறி வந்தார். கவுண்டரில் எனக்குத் தெரிந்த நாலு மலாய் வார்த்தையை வைத்து, பிள்ளை பேச மாட்டாள் என்று சொல்ல "தாக் பெர்ச்சக்காப்" என்றேன். அக்கா என் கையைத் தட்டி, "தாக் இல்லம்மா. பெலும். பெலும் பெர்ச்சக்காப்" என்றார். பெலும் என்றால் "இன்னும் இல்லை". அங்கே உட்கார்ந்திருந்த பெண்ணும் தலையாட்டிக்கொண்டே "பெலும், பெலும்" என்று எழுதிக்கொண்டார். கிடைத்த தேதி அடுத்த வருடம் பிப்ரவரி.

அதோடு முடியவில்லை. காதுப் பரிசோதனை முடிந்துவிட்டதா என்று கேட்டார்கள். பேச்சு தாமதமாகும் பிள்ளைக்கு முதலில் காது கேட்கிறதா என்று பார்த்தாக வேண்டும், அது நியாயம்தான். ஆனால் அதற்கு வேறு பிரிவு, வேறு கடிதம், வேறு வரிசை. ஆடியோலஜிக்கு அக்டோபரில் இடம் கிடைத்தது. மார்ச்சிலேயே கிளினிக்கில் இரண்டு கடிதமும் சேர்த்துக் கேட்டிருந்தால் எத்தனை மாதம் மிஞ்சியிருக்கும் என்று இன்றும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். நீங்கள் நான்கையும் ஒன்றாகக் கேளுங்கள்: குழந்தை நிபுணர், ஆடியோலஜி, பேச்சுப் பயிற்சி, தெராப்பி சாரா கெர்ஜா என்கிற செயல்முறைப் பயிற்சி (ஆக்குபேஷனல் தெரபி). பயிற்சிக்கு ஆட்டிசம் என்ற பெயர் வந்தாக வேண்டும் என்பதில்லை. பேச்சு தாமதம் என்ற காரணமே போதும். பெயர் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பதில்தான் பிள்ளையின் நல்ல மாதங்கள் போய்விடுகின்றன.

காதுப் பரிசோதனைக்குப் போகுமுன் வீட்டில் ஒரு வாரம் ஹெட்போன் மாட்டிப் பழக்குங்கள். காதுக்குள் சின்ன முனையை வைத்துப் பார்க்கும் சோதனையின்போது பிள்ளை அசையாமல், சத்தம் போடாமல் இருக்க வேண்டும். என் மகள் முதல் தடவை அறையே அதிரும்படி அழுதாள், இன்னொரு நாள் வரச் சொல்லிவிட்டார்கள்.

போன் நம்பரை மாற்றாதீர்கள். ஊருக்குப் போகும்போது ப்ரீபெய்டு சிம் காலாவதியாகிப் போகும். யாராவது வராமல் போய் முன்கூட்டியே இடம் கிடைத்தால் அந்த நம்பருக்குத்தான் அழைப்பார்கள். மாதம் ஒரு முறை நேரில் போய் "காலி இடம் ஏதாவது இருக்கிறதா" என்று மரியாதையாகக் கேளுங்கள். எங்களுக்கு ஆடியோலஜி அப்படித்தான் இரண்டு வாரம் முன்னதாகக் கிடைத்தது. தீபாவளிக்கு டிக்கெட் போடும் முன் அட்டையில் உள்ள தேதியைப் பாருங்கள்.

காத்திருக்கும் மாதங்களில் வீட்டில் என்ன செய்வது என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். முதலில் வீடியோ எடுங்கள். ஆட்டிசத்தை ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ கண்டுபிடிக்க முடியாது. பிள்ளையைக் கவனித்தும் நம்மிடம் கேட்டும்தான் முடிவு செய்கிறார்கள். புது இடத்தில் பிள்ளை வேறு மாதிரி இருக்கும். எங்கள் தெரு முனையில் லாரி திரும்பும்போது செம்பனைப் பழம் உதிரும். மகள் அதைப் பொறுக்கி வந்து சாக்கடை ஓரத்துச் சிமெண்ட் திட்டில் வரிசையாக அடுக்குவாள். இருபது, முப்பது பழம், எல்லாவற்றுக்கும் கூர்முனை ஒரே பக்கம். ஒன்று உருண்டால் முதலில் இருந்து அடுக்குவாள். கையெல்லாம் ஆரஞ்சு எண்ணெய். நான் பக்கத்தில் உட்கார்ந்து கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள். எவ்வளவு சமர்த்தாக விளையாடுகிறாள் என்று அதை எடுத்து அம்மாவுக்கு அனுப்பியிருந்தேன். பிப்ரவரியில் டாக்டர் அந்த ஒரு நிமிட வீடியோவை மூன்று தடவை பார்த்தார்.

அப்புறம் அவள் எதைச் செய்கிறாளோ அதில் நாம் போய் உட்கார வேண்டும். நானும் பழம் பொறுக்கி அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். ஒவ்வொன்றாக அவள் கையில் கொடுத்து "பழம்" என்பேன். மூன்றாவது வாரத்தில், நான் கொடுக்கத் தாமதித்தபோது முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். உலக சுகாதார நிறுவனம் இந்த மாதிரிப் பெற்றோர்களுக்காக இணையத்தில் இலவசப் பயிற்சி வைத்திருக்கிறது. எனக்கு அது கைகொடுத்தது.

தமிழை நிறுத்திவிட்டு ஒரே மொழியில் பேசுங்கள் என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குக் கெடுதல் வருவதாக ஆய்வுகளில் தெரியவரவில்லை. நமக்கு எந்த மொழியில் கொஞ்ச வருகிறதோ அதில்தான் பிள்ளையோடு பேச முடியும். தடுப்பூசியால் வந்தது என்று ஊரில் இருந்து ஒரு சித்தப்பா போனில் என் மாமியாரை அழ வைத்தார். அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்ட 1998ஆம் வருடத்துக் கட்டுரையை வெளியிட்ட இதழே 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. இதைச் சொல்லியும் அவர் நம்பவில்லை, எனக்கு இன்னும் அந்தக் கோபம் இருக்கிறது.

பணம் இருந்தால் தனியாரில் முன்கூட்டியே பார்க்கலாம். ஆனால் பெயர்ப்பலகையை நம்பாதீர்கள். பேச்சுப் பயிற்சியாளர், மனநல உளவியலாளர் போன்றவர்களை 2016ஆம் வருடத்து 774ஆம் சட்டத்தின் கீழ் பதிவு செய்கிறார்கள். பதிவு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். எங்கள் கம்பெனிக் காப்பீடு இதற்கு ஒரு காசு தரவில்லை. ஒரு மணி நேரத்துக்கு 150 வெள்ளி, மாதம் இரண்டு தடவைதான் எங்களால் முடிந்தது. 1987இல் பெற்றோர்களும் சேர்ந்து தொடங்கிய நாசோம் என்ற தேசிய ஆட்டிசம் சங்கத்திடமும் விசாரிக்கலாம். ஓகேயு அட்டை, அதாவது மாற்றுத்திறனாளி அட்டை, வாங்கு என்று அக்கம்பக்கத்தார் நல்ல மனதோடு சொல்வார்கள். அது குடிமக்களுக்கானது. உள்ளூர்க்காரரை மணந்து, பிள்ளைக்குக் குடியுரிமை இருந்தால் மட்டும் சமூக நல இலாகாவுக்குப் போங்கள்.

பிப்ரவரியில் ஒரே நாளில் முடிவு சொல்லிவிடுவார்கள் என்று எதிர்பார்த்துப் போனேன். அன்று பார்த்தார்கள், கேட்டார்கள், உளவியலாளருக்கு இன்னொரு தேதி கொடுத்தார்கள். மே மாதம்தான் ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அதற்குள் பயிற்சி ஆரம்பித்து ஆறு மாதம் ஆகியிருந்தது, அந்த ஆறு மாதம் எங்களைக் காப்பாற்றியது.

தேனிப் பெண் நேற்று போன் செய்தாள். கடிதத்தைக் கொடுத்துவிட்டாளாம், நிபுணருக்குத் தேதி கிடைத்திருக்கிறது, காதுப் பரிசோதனை அடுத்த மாதமே. மலாய் பேச ஆள் இல்லை என்றாள். காதுப் பரிசோதனை நடக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அவளோடு போகிறேன்.