ஊரில் ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விடப் போகிறீர்களா?

வெளிநாட்டில் இருந்துகொண்டு, விடுமுறைக்குத் தமிழ்நாடு போகும்போதே ஒரு ஃபிளாட்டை வாங்கிப் போட்டுவிட்டு வரலாம் என்று கிளம்புபவர்களுக்காக இது. வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், கட்டடத்துக்கு அரசின் திட்ட அமைப்புகளான சிஎம்டிஏ அல்லது டிடிசிபி கொடுத்த அங்கீகாரம், யுடிஎஸ், அதாவது நிலத்தில் நம் பங்கு எவ்வளவு என்பதையெல்லாம் நல்ல வக்கீல் பார்த்துச் சொல்லிவிடுவார். விவசாய நிலத்தை நாம் வாங்க முடியாது. "எல்லாரும் வாங்குறாங்க சார்" என்று புரோக்கர் சொன்னாலும் முடியாது. முத்திரைத்தீர்வை, பதிவுக் கட்டணம் இரண்டுக்கும் சேர்த்து 9 சதவீதம் வரை தனியாக எடுத்து வையுங்கள். சென்னையில் போட்ட பணத்துக்கு வருடத்துக்கு 2, 3 சதவீதம் வாடகை வந்தாலே பெரிது. வங்கி டெபாசிட்டில் இதைவிட அதிகம் வரும். ஊரில் நமக்கென்று ஒரு சாவி இருக்கட்டும் என்றுதான் பாதிப்பேர் வாங்குகிறோம். அதுவும் சரிதான்.

வாங்குவதைக்கூட முடித்துவிடலாம். யாரைக் குடிவைப்பது என்பதுதான் பெரும்பாடு.

பத்திரம் கைக்கு வருவதற்குள் சொந்தத்தில் யாருக்காவது வீடு தேவைப்படும். எனக்கு மாமா. தாம்பரம் பக்கம் வாங்கிய ஃபிளாட்டுக்கு "நல்ல ஆள் கிடைக்கிற வரைக்கும்" என்று வந்தவர். இந்த முறை போனபோது பால்கனிக்கு கிரில் போட்டு, பூஜையறையில் டைல்ஸ் மாற்றி, வாசலில் தன் பெயர்ப்பலகையும் வைத்திருந்தார். ஒப்பந்தம் ஒன்று போட்டுவிடலாம் மாமா என்றேன்.

"என்ன மாப்ளே, மாமாகிட்டயே அக்ரிமென்ட்டா?"

அவர் சிரித்தார், அத்தை சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு நீள நோட்டை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். மோட்டாருக்கு காயில் கட்டியது, சம்ப் கழுவியது, மெயின்டனன்ஸ் என்று மாமா தேதி போட்டு எழுதி, எல்லாவற்றையும் வாடகையில் கழித்திருந்தார். நடுநடுவே "அக்கா, ஆஸ்பத்திரி, ஆட்டோ" என்று சில வரிகள். அவற்றுக்கு நேரே தொகை எழுதவில்லை. அந்த அக்கா என் அம்மா. அதற்கு மேல் எந்த வாயால் வாடகை பாக்கி கேட்பது?

சட்டம் இதையெல்லாம் பார்க்காது. 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். அப்புறம் வரி. வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்காரருக்கு வாடகை கொடுப்பவர், செஸ் சேர்த்து 31.2 சதவீதத்தைப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். வாடகை சின்னதாக இருந்தாலும் இதுதான் விதி. கூடுதலாகப் பிடித்தது, நாம் கணக்குத் தாக்கல் செய்தால் திரும்பி வரும். சொத்து வரி போக மிச்சத்தில் 30 சதவீதக் கழிவும் உண்டு. இதை மாமாவிடம் விளக்கிப் பாருங்கள். "குடுக்கிறதே பாதி வாடகை, அதுல வரி வேறயா?" என்பார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஏதாவது கம்பெனி வாடகைக்குக் கேட்டால் யோசிக்காமல் கொடுங்கள். வரி பிடிப்பது அவர்களுக்குப் பழகிய வேலை.

பவர், அதாவது நம் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு எழுதிக்கொடுக்கும் அதிகாரப் பத்திரம், அந்த விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். "எல்லாத்துக்கும் சேத்து ஒரு பவர் குடுத்துட்டா நீ அலைய வேண்டாமே" என்று அன்பாகத்தான் கேட்பார்கள். வாடகை வாங்க, வரி கட்ட, ரிப்பேர் பார்க்க என்று வேலையைப் பெயர் சொல்லி எழுதுங்கள். விற்கும் அதிகாரம் வேண்டாம். வெளிநாட்டில் தூதரகத்தில் கையெழுத்திட்ட பவர் என்றால், இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் அதற்கு முத்திரைத்தீர்வை கட்டிவிட வேண்டும்.

சொந்தக்காரருக்கு உதவ வேண்டுமா, மாதாமாதம் பணமாக அனுப்புங்கள். வீட்டை முன்பின் தெரியாதவருக்கு விட்டு, வாடகையை என்ஆர்ஓ கணக்கில் (வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்திய வருமானத்துக்காக இங்குள்ள வங்கியில் வைத்திருக்கும் கணக்கு) போடச் சொல்லுங்கள். நோட்டில் தொகை எழுதாத வரிகள் உள்ள யாரையும் குடிவைக்காதீர்கள்.

மாமா பையனுக்கு மார்ச்சில் பத்தாம் வகுப்புத் தேர்வு. அது முடிகிற வரை வீட்டைப் பற்றிப் பேசுவதில்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அவனுக்கு அடுத்தவள் இப்போது எட்டாவது.