பாப்பா வரைந்த படியேறும் நாற்காலியை நடக்க வைப்பது எப்படி?

கோலாலம்பூர், செந்தூலில் இருக்கும் என் அக்கா மகளுக்கு ஒன்பது வயது. தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு. முட்டி வலியால் பத்துமலை முருகன் கோயிலின் 272 படிகளை ஏற முடியாமல் தாத்தா கீழேயே உட்கார்ந்துவிட்டதைப் பார்த்தவள், அன்று ராத்திரியே ஆறு கால் வைத்த நாற்காலி ஒன்றை வரைந்துவிட்டாள். தாத்தா உட்கார்ந்தால் போதும், அது படியேறும். ஒரு சனிக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் அதைக் காகிதத்தில் வெட்டி, கைப்பேசியில் படம் படமாக எடுத்து, திரையில் நடக்க வைத்தோம்.

1. முதலில் கேளுங்கள்

கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன், "இது எப்படி நடக்கும்?" என்று பிள்ளையிடம் கேளுங்கள். ஆறு காலும் ஒன்றாக எழும்பும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். "இல்ல சித்தி, மூணு கால் தூக்கும்போது மூணு கால் நிக்கணும். இல்லாட்டி தாத்தா விழுந்திடுவார்" என்றாள். எறும்பும் அப்படித்தான் நடக்கிறது. கோணலாக இருக்கும் கோட்டை மட்டும் நேராக்கிவிடாதீர்கள். அது பிள்ளையின் கை.

கை கால் உள்ள மனித உருவமாக இருந்தால், மெட்டா நிறுவனம் 2021இல் வெளியிட்ட அனிமேட்டட் டிராயிங்ஸ் என்ற கணினிக் கருவி அதை ஆட வைக்கும். ஆறு கால் நாற்காலிக்கு அது ஒத்துவராது. காகிதத்தை வெட்டி, நகர்த்தி, படமெடுப்பதுதான் சரி.

2. வெட்டுவது

மூலப் படத்தில் கை வைக்க வேண்டாம். கலர் நகல் எடுத்து மணிலா அட்டையில் ஒட்டி, நாற்காலியைத் தனியாகவும் ஆறு கால்களைத் தனித்தனியாகவும் வெட்டுங்கள். கால்களைப் பின்பக்கம் புளூ டேக் என்ற ஒட்டுக்களிமண்ணால் ஒட்டினால் திருப்பவும் வரும், திருப்பிய இடத்தில் நிற்கவும் செய்யும்.

272 படியை யார் வரைவது? அவள் 11 வரைந்தாள். அதில் தனக்குப் பிடித்த ஒரு படியைக் காட்டினாள். அதையே பல நகல் எடுத்து, கைப்பேசியில் தெரியும் சட்டத்துக்கு வெளியேயும் நீளும்படி ஒட்டி ஒரே துண்டாக்கினோம். எல்லாப் படியும் ஒரே அளவாக இருப்பது முக்கியம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

3. கைப்பேசியை நிறுத்துவது

இரண்டு பக்கமும் ஒரே உயரத்துக்கு மைலோ டின்களை அடுக்கி, மேலே இரண்டு நீள ரூலர்களைப் பாலம் போல வையுங்கள். கைப்பேசியின் கண் நடு இடைவெளி வழியாக நேர் கீழே பார்க்கட்டும். மத்தியானம் வானம் இருட்டினால் படத்தில் வெளிச்சம் துடிக்கும். அதனால் திரைச்சீலையை மூடிவிட்டு, பக்கவாட்டில் ஒரு மேசை விளக்கு. அப்புறம் மின்விசிறியை நிறுத்துங்கள். புழுங்கும்தான், ஆனால் எங்களுக்கு ஒரு கால் பறந்து சோபாவுக்கு அடியில் போய்விட்டது.

4. நகர்த்துவது

நாற்காலி இருந்த இடத்திலேயே இருக்கட்டும். நகர வேண்டியது படிகள். எங்கள் படி 4 செ.மீ. அகலம், 2.4 செ.மீ. உயரம். ஒவ்வொரு படத்துக்கும் படிகளை 5 மி.மீ. பின்னாலும் 3 மி.மீ. கீழேயும் இழுத்தோம். அடியில் பென்சிலால் எட்டுப் புள்ளிகள் வைத்துக்கொண்டால் அளக்கத் தேவையில்லை. முதல் நான்கு படங்களில் 1, 3, 5ஆம் கால்கள் எழுந்து இறங்கும். அடுத்த நான்கில் 2, 4, 6. எட்டு படம் முடியும்போது ஒரு படி கடந்து, எல்லாம் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும். படிகள் ஒரே அளவு என்பதால் அந்த எட்டையே திரும்பத் திரும்ப ஓட்டலாம்.

5. ஓட்டுவது

ஸ்டாப் மோஷன் ஸ்டுடியோ செயலியின் இலவசப் பதிப்பே போதும். முந்தைய படம் மங்கலாகத் தெரிவதால் எவ்வளவு நகர்த்தினோம் என்று பார்த்துக்கொள்ளலாம். சினிமாவில் நொடிக்கு 24 படம். நமக்கு 8 போதும். நொடிக்கு ஒரு படி. 272 படிக்கு 4 நிமிடம் 32 நொடி. எட்டு படங்களையும் நகலெடுத்து ஒட்டிக்கொண்டே போனோம். அவள் ஒன்றைக்கூடக் குறைக்க விடவில்லை.

சத்தத்தைப் பிள்ளையின் வாயாலேயே பதிவு செய்யுங்கள். "டொக்கு டொக்கு" என்று அவள் சொன்னதற்கு ஈடாக எந்த இயந்திர ஒலியும் எனக்குக் கிடைக்கவில்லை.

தாத்தா முழுவதும் பார்த்துவிட்டு, "சரி, இறங்குறது எப்படி?" என்று கேட்டார். அதே எட்டு படங்களைத் தலைகீழ் வரிசையில் வைத்து ஓட்டினோம். நாற்காலி பின்பக்கமாக இறங்கியது.

"பாருங்க தாத்தா, சாமிக்கு முதுகு காட்டாம இறங்குது."