ஹேங்க் ஆகும் பழைய மடிக்கணினி: லினக்ஸ் பயன்படுத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பழைய மடிக்கணினிகளுக்குப் பஞ்சமில்லை. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்த கருவிகள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் விட்டுச்செல்பவை வேறு. அவற்றில் லினக்ஸ் நிறுவிப் பயன்படுத்துவோர் என்னிடம் கொண்டுவரும் குறை பெரும்பாலும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறது: ஹேங்க் ஆகிறது. வைத்தியரிடம் போய் உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பதைப் போன்றது அது. நினைவகம் தீர்ந்துபோனாலும், ஹார்டு டிஸ்க் பழுதானாலும், கிராஃபிக்ஸ் சிப் நின்றுபோனாலும், செயலி உறக்க நிலையிலிருந்து எழ முடியாமல் சிக்கிக்கொண்டாலும் நமக்குத் தெரிவது அசையாத திரை ஒன்றுதான். எது என்று அறிவதற்கு முன்பே மருந்து கொடுக்கத் தொடங்குவதால்தான், நான் பார்த்த வரையில், பாதி மடிக்கணினிகள் வந்த நோயைவிட மோசமான நிலைக்குப் போயிருக்கின்றன.

பவர் பொத்தானுக்கு உடனே கை போவது

திரை நின்றதும் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைப்பது எல்லோருக்கும் பழகிப்போன செயல். அணைத்த அந்தக் கணத்தில் கண்முன் இருந்த தடயம் அழிந்துவிடுகிறது. எழுதி முடிக்காத கோப்புகள் சேதமடையும் வாய்ப்பும் உண்டு. இரண்டு நிமிடம் பொறுத்துச் சிலவற்றைப் பார்த்தால் போதும். கேப்ஸ் லாக்கை அழுத்தினால் அதன் விளக்கு மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். மாறினால் கர்னல், அதாவது லினக்ஸின் உட்கரு, உயிரோடு இருக்கிறது என்று பொருள். விளக்கு தானாகவே விட்டுவிட்டு மின்னினால் அது பெரும்பாலும் கர்னல் பேனிக், அதாவது கர்னலே மீள முடியாமல் நின்றுவிட்ட நிலை. ஹார்டு டிஸ்க் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்து, சுட்டியும் விட்டுவிட்டு நகர்ந்தால், நினைவகப் பற்றாக்குறையையோ பழுதான டிஸ்க்கையோ சந்தேகிக்கலாம். பாட்டு தொடர்ந்து ஓடுகிறது, திரை மட்டும் நின்றுவிட்டது என்றால் கிராஃபிக்ஸ் பக்கம் போக வேண்டும். பாட்டும் ஒரே துணுக்கில் சிக்கிக்கொண்டு ரீங்காரமாக ஒலித்தால் கணினி முழுவதுமே நின்றுவிட்டது.

பிறகு கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்திப் பார்க்க வேண்டும். கறுப்புத் திரையில் பயனர் பெயர் கேட்டால், உள்ளே நுழைந்து, நினைவகத்தைத் தின்றுகொண்டிருக்கும் நிரலை மட்டும் நிறுத்திவிடலாம். அதுவும் வரவில்லையென்றால் ஆல்ட் விசையோடு சிஸ்ரெக் விசையைப் பிடித்துக்கொண்டு எஸ், யு, பி என்ற எழுத்துகளைச் சில நொடி இடைவெளியில் ஒவ்வொன்றாக அழுத்தலாம். பிரிண்ட் ஸ்க்ரீன் விசைதான் பெரும்பாலும் சிஸ்ரெக். சில மடிக்கணினிகளில் எஃப்என் விசையும் சேர வேண்டும். எஸ் நினைவகத்தில் காத்திருப்பவற்றை டிஸ்க்கில் எழுதும், யு கோப்பு முறைமையைப் படிக்க மட்டுமான நிலைக்கு மாற்றும், பி கணினியை மறுதொடக்கம் செய்யும். இதற்கு ஆறு எழுத்துகளைச் சொல்லும் குறிப்புகள் நிறைய உண்டு. உபுண்டுவில் இயல்பாக அனுமதிக்கப்பட்டிருப்பவை இந்த மூன்றுதான் என்பதால், மற்றவை வேலை செய்யவில்லையே என்று கலங்க வேண்டியதில்லை.

ஒரு சிறு உபாயமும் சொல்லிவிடுகிறேன். மேல்பட்டையில் உள்ள கடிகாரம் நொடியையும் காட்டும்படி அமைத்துக்கொள்ளுங்கள். திரை உறையும்போது கடிகாரமும் உறைந்து, நின்ற நேரத்தை நொடி பிசகாமல் சொல்லும். அதைக் கைபேசியில் படம் பிடித்து வைத்துக்கொண்டால், கணினி தானே எழுதிவைக்கும் பதிவேட்டில் எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

பதிவேட்டைப் படிக்காமல் மறுபடி மறுபடி நிறுவுவது

எனக்குத் தெரிந்த தேவகோட்டைக் கல்லூரி மாணவர் ஒருவர், ஒரே மாதத்தில் லினக்ஸ் மின்ட், லுபுண்டு, ஆன்டிஎக்ஸ் என்று மூன்றையும் மாறி மாறி நிறுவியிருந்தார். ஒவ்வொன்றும் முதலிரண்டு நாள் நன்றாக ஓடி, மூன்றாம் நாள் ஹேங்க் ஆனது. “எல்லா லினக்ஸும் இப்படித்தானா அண்ணே?” என்று கேட்டார். குற்றம் லினக்ஸில் இல்லை, ஹார்டு டிஸ்க்கில் இருந்தது. படிக்க முடியாமல் போன செக்டார் ஒன்றின் மீது புதிதாக எழுதும்போது, டிஸ்க் அதை மாற்று இடத்துக்கு ஒதுக்கிக்கொள்ளும், அல்லது எழுதியது சரியாகப் பதிந்துவிட்டால் பழுது என்ற குறியை நீக்கிவிடும். எனவே ஒவ்வொரு புதிய நிறுவலும் நோயைச் சில நாட்களுக்கு மூடி மறைக்கிறது. நிறுவியவரோ புதிய டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) சரிசெய்துவிட்டது என்று நம்பிவிடுகிறார். இந்த இரண்டு நாள் நிம்மதிதான் மறுநிறுவலில் உள்ள பெரிய ஏமாற்று.

முனையத்தைத் திறந்து, ஜர்னல்சிடிஎல் கட்டளையைச் சென்ற தொடக்கத்துக்குரிய பதிவைக் காட்டும் தெரிவுடன் (journalctl -b -1) இயக்கி, கடைசி ஐம்பது வரிகளைப் படிப்பதற்கு ஐந்து நிமிடம் ஆகாது. அங்கே ஐ/ஓ எரர் என்று இருந்தால் டிஸ்க்; அவுட் ஆஃப் மெமரி என்று இருந்தால் நினைவகம்; ஜிபியு ஹேங் என்று இருந்தால் கிராஃபிக்ஸ்; ஏதோ ஒரு பணி 120 நொடிக்கு மேல் தடைபட்டது என்று இருந்தால் பெரும்பாலும் டிஸ்க்குக்காகக் காத்துக்கிடந்திருக்கிறது. ஒன்றுமே இல்லையென்றால் அதையும் தடயமாகவே கொள்ள வேண்டும். எழுதுவதற்குக்கூட அவகாசமின்றிக் கணினி நின்றிருக்கிறது, அல்லது எழுத வேண்டிய டிஸ்க்கே நின்றுபோயிருக்கிறது.

டிஸ்க்கைச் சோதிக்கும்போது, அது தன் நலத்தைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் சோதனையின் மேலே பாஸ்டு என்று வந்ததைக் கண்டு திருப்தியடைவது இன்னொரு தவறு. அந்த ஒரு சொல், டிஸ்க் சாகும் தறுவாய் வரை மாறாமல் இருப்பதுண்டு. கீழே உள்ள பட்டியலில் 5, 197, 198 ஆகிய எண்களுக்கு எதிரே உள்ள மூல மதிப்பைப் பார்க்க வேண்டும். அவை முறையே மாற்று இடத்துக்கு ஒதுக்கப்பட்ட, ஐயத்துக்குரிய, திருத்த முடியாத செக்டார்களின் எண்ணிக்கை. 197 சுழியமாக இல்லாவிட்டால், வேறு எதையும் செய்வதற்கு முன் கோப்புகளை வெளி டிஸ்க்கில் படியெடுத்துவிட வேண்டும். 199 மட்டும் ஏறிக்கொண்டே போனால் குறை டிஸ்க்கில் இல்லாமல் கேபிளிலோ இணைப்பிலோ இருக்கக்கூடும். அதைக் கழற்றி மாட்டுவதிலேயே சில சரியாகிவிட்டன. ஓடிக்கொண்டிருக்கும், மவுன்ட் ஆகியிருக்கும் (பயன்பாட்டில் இணைந்திருக்கும்) பகுதியின் மீது, கோப்பு முறைமையைத் திருத்தும் எஃப்எஸ்சிகே-வை வலிந்து இயக்குவது எக்காரணம் கொண்டும் கூடாது. பென் டிரைவிலிருந்து லைவ் லினக்ஸில் தொடங்கி, அந்தப் பகுதியை மவுன்ட் செய்யாமல்தான் அதை இயக்க வேண்டும்.

அந்த மாணவரின் கணினியில் டிஸ்க்கை எடுத்துவிட்டு சாட்டா எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தினோம். வேகம் ஆளே மாறியதுபோல் ஆனது. ஆனால் பத்து நாட்களுக்கு ஒருமுறை, எந்தப் பதிவும் விடாமல், அது மறுபடியும் நின்றது. அந்தக் கதையைக் கீழே சொல்கிறேன்.

யாருக்கோ எழுதிய மருந்தைக் குடிப்பது

இணையத்தில் ஹேங்க் என்று தேடினால் கர்னல் அளவுருக்களின், அதாவது தொடங்கும்போது கர்னலுக்குக் கொடுக்கும் அமைப்புச் சொற்களின், பட்டியல்கள் வந்து விழுகின்றன. அவற்றை அப்படியே எடுத்து, லினக்ஸைத் தொடங்கிவைக்கும் கிரப் நிரலின் கோப்பில் ஒட்டிவிடுகிறார்கள். ஒருவருடைய கணினியில் ஏழு அளவுருக்களைப் பார்த்திருக்கிறேன். எது எதற்கு என்று அவருக்கும் தெரியவில்லை.

இவற்றில் மிகவும் பெயர்பெற்றது, செயலியின் உறக்க நிலையை முதல் படியோடு நிறுத்தும் மேக்ஸ் சிஸ்டேட் அளவுரு. அது பொய்யான மருந்தன்று. 2013 முதல் வெளிவந்த இன்டெலின் பே டிரெயில் வகைச் செயலிகள், அதாவது செலரான் என்2840, பென்டியம் என்3540 போன்றவை, லினக்ஸில் ஆழ்ந்த உறக்க நிலைக்குப் போய்வரும்போது முழுவதுமாக நின்றுவிடும் சிக்கல் பல ஆண்டுகள் இருந்தது. அதற்கு அந்த அளவுரு உண்மையான தற்காலிகத் தீர்வாக இருந்தது. தேவகோட்டை மாணவரின் கணினியில் இருந்ததும் இந்த வகைச் செயலிதான். பழைய கர்னலையே வைத்திருந்தார். புதிய கர்னலுக்கு மாறிய பிறகும் ஒருமுறை நின்றதால் அளவுருவைச் சேர்த்தோம், அதன் பிறகு ஹேங்க் ஆகவில்லை. ஆனால் அதே வரியை மூன்றாம் தலைமுறை ஐ3 செயலியுள்ள கணினியில் ஒட்டினால் கிடைப்பது கூடுதல் சூடும் சீக்கிரம் தீரும் பேட்டரியும்தான். உங்கள் செயலி எது என்பதை எல்எஸ்சிபியு கட்டளை ஒரு வரியில் சொல்லிவிடும். அதைப் பார்க்காமல் இந்த மருந்தைத் தொட வேண்டாம்.

இன்டெல் கிராஃபிக்ஸுக்குச் சொல்லப்படும் ஆர்சி6 அளவுருவின் கதை இன்னும் வேடிக்கையானது. கர்னல் 4.16-இலேயே அது நீக்கப்பட்டுவிட்டது. இப்போது எழுதினாலும் எந்தப் பலனும் இல்லை, ஆயினும் அதைச் சேர்த்த பிறகு சரியாகிவிட்டது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நோமோட்செட் என்பது சோதனைக்கு உரியது. அதைப் போட்டதும் ஹேங்க் நின்றால் குறை கிராஃபிக்ஸ் டிரைவரில் இருக்கிறது என்று அறிந்துகொள்ளலாம். அதையே நிரந்தரமாக வைத்துக்கொண்டால் கிராஃபிக்ஸ் சிப்பின் வேலையையெல்லாம் செயலி சுமக்க நேர்ந்து, ஒரு காணொளியைப் பார்ப்பதற்கே கணினி திணறும். பழைய என்விடியா சிப் உள்ளவர்கள் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும்: அந்நிறுவனத்தின் 340 வரிசை டிரைவருக்கான ஆதரவு 2019 முடிவோடும், 390 வரிசைக்கானது 2022 முடிவோடும் நின்றுவிட்டன. புதிய கர்னலில் அவற்றை வலிந்து நிறுவுவதைவிட, நுழைவுத் திரையில் தெரிவு இருந்தால், திரையைக் காட்டும் புதிய முறையான வேலாண்டுக்குப் பதிலாகப் பழைய எக்ஸ்ஆர்க் அமர்வைத் தேர்ந்து பார்ப்பது எளிது.

எந்த அளவுருவையும் முதலில் ஒரு தடவைக்கு மட்டும் சோதிக்கும் வழி கிரப்பிலேயே இருக்கிறது. தொடக்கப் பட்டியலில் இ எழுத்தை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் முடிவில் சேர்த்துத் தொடங்கினால், அடுத்த மறுதொடக்கத்தில் அது தானாகப் போய்விடும்.

ஒன்றுக்கு மேற்பட்டவற்றை ஒரே நாளில் மாற்றுவதும் இந்த வகைத் தவறுதான். ராமும் மாற்றி, கர்னலும் மாற்றி, அளவுருவும் சேர்த்த பிறகு சரியானால் எது சரிசெய்தது என்று எப்படித் தெரியும்? பேரேட்டில் ஏற்றாமல் ஐந்தொகை எடுக்க முடியாது என்பது வட்டிக்கடைக் கணக்கில் ஊறிய இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. தேதி, நேரம், அப்போது ஓடிக்கொண்டிருந்த நிரல், செய்த ஒரே மாற்றம் என்று நான்கு பத்திகள் கொண்ட ஒரு நோட்டுப் போதும்.

நினைவகக் கணக்கைத் தவறாகப் படிப்பது

ஃப்ரீ கட்டளை காட்டும் அட்டவணையில், ஃப்ரீ என்ற பத்தியில் சொற்பமே இருப்பதைப் பார்த்துப் பதறுகிறார்கள். வேலையில்லாத நினைவகத்தை லினக்ஸ் கேஷாக (டிஸ்க்கில் படித்தவற்றின் தற்காலிக இருப்பாக)ப் பயன்படுத்திக்கொள்ளும், தேவைப்படும்போது விட்டுக்கொடுக்கும். பார்க்க வேண்டியது அவைலபிள் என்ற பத்தி. மணிக்கொருமுறை கேஷைக் காலிசெய்யும் ஸ்கிரிப்டுகளை எழுதிவைப்பவர்கள் கணினியை மெதுவாக்கிக்கொள்வதைத் தவிர வேறு பயன் அடைவதில்லை.

நினைவகம் போதாதபோது கைகொடுக்க டிஸ்க்கில் ஒதுக்கப்படும் ஸ்வாப், வேகத்தைக் குறைக்கிறது என்று அதை நீக்கிவிடுவது இதைவிடக் கெட்டது. ஸ்வாப் இல்லாத நிலையில் நினைவகம் தீரும்போது, கர்னல் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் பக்கங்களையே வெளியேற்றிவிட்டு, அடுத்த நொடியே அவற்றை டிஸ்க்கிலிருந்து மறுபடி படிக்க வேண்டியிருக்கும். விளைவு, முன்பைவிடக் கெட்டியான உறைவு. 2 ஜிபி, 4 ஜிபி கணினிகளில் நினைவகத்தையே சுருக்கி ஸ்வாப்பாகப் பயன்படுத்தும் இசட்ராம் நல்ல பலன் தருகிறது. ஃபெடோரா 33 முதல் அது இயல்பாகவே வருகிறது. இதனுடன் ஏர்லி ஊம் என்ற சிறு நிரலையும் சேர்த்தால், கணினி முழுவதும் உறைவதற்கு முன்பே மிகுதியாகத் தின்னும் நிரல் நிறுத்தப்படும். பெரும்பாலும் அது உலாவியின் ஒரு தாவலாக இருக்கும்.

இலகுவான டெஸ்க்டாப்புக்கு மாறினால் எல்லாம் தீரும் என்பதும் பாதி உண்மைதான். எக்ஸ்எஃப்சிஇ சில நூறு எம்பி மிச்சப்படுத்தும். உலாவியில் திறந்த இருபது தாவல்கள் அதை ஒரே மிடறில் குடித்துவிடும். பள்ளத்தூரில் ஓர் ஆச்சியின் கணினியில் நான் கண்ட ஒரே குறை, சிங்கப்பூரிலிருக்கும் மகனுடன் காணொளியில் பேசும்போதும் மூடப்படாமல் பின்னால் இருந்த பதினாறு தாவல்கள்.

ராம் கூட்ட நினைப்பவர்கள் வாங்குவதற்கு முன் மதர்போர்டு எதை ஏற்கும் என்று பார்க்க வேண்டும். 1.35 வோல்ட்டில் இயங்கும் டிடிஆர்3எல் மட்டுமே ஏற்கும் கணினியில் 1.5 வோல்ட் டிடிஆர்3-ஐச் செருகினால், ஓடாமல் போகலாம், அல்லது ஓடிக்கொண்டே ஹேங்க் ஆகலாம். மாற்றிய பிறகு மெம்டெஸ்ட்86+ சோதனையை இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடாமல், குறைந்தது ஒரு முழுச் சுற்றாவது ஓடவிட வேண்டும். பேட்டரி செத்த கணினியில் இரவில் மின்சாரம் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பதால், இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் வைத்து ஓட்டுவது நல்லது.

சூடும் மின்சாரமும்

சூட்டினால் ஹேங்க் என்று பொதுவாகச் சொல்லப்படுவது முழுச் சரியில்லை. செயலி சூடேறும்போது தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அபாய எல்லையைத் தாண்டினால் கணினி சட்டென அணைந்துவிடும். உறைந்து அப்படியே நிற்பது சூட்டின் இயல்பான அடையாளம் அன்று. சென்சார்ஸ் கட்டளையால் அளந்து பார்க்காமல் சூடு என்று முடிவுகட்ட வேண்டாம்.

மெத்தையின் மேலும் தலையணையின் மேலும் வைத்து அடிப்புறக் காற்றுத் துளைகளை அடைப்பது எங்கும் நடக்கும் தவறு. நம் பக்கத்து வீடுகளில் இன்னொன்றும் உண்டு: குளிர்ச்சியாக இருக்கிறதே என்று வளவின் ஆத்தங்குடிக் கல்லின் மேலேயே வைத்துவிடுகிறார்கள். தரை குளிர்ச்சிதான், ஆனால் தரைமட்டத்துச் செம்மண் தூசியை விசிறி உறிஞ்சி ஹீட் சிங்க்கின் தகடுகளுக்குள் அடைத்துக்கொள்ளும். ஒரு சாய்ப்பலகையின் மேல் வைத்தாலே போதும். பிளோயரால் ஊதிச் சுத்தம் செய்யும்போது விசிறியைக் குச்சியால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அது மிதமிஞ்சிச் சுழன்று பழுதாகும். ஹீட் சிங்க்கைக் கழற்றினால், பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக இடாமல் திரும்பப் பூட்டக் கூடாது.

சார்ஜரையும் ஒரு கண் பார்க்க வேண்டும். சில மடிக்கணினிகள் தமக்குரிய சார்ஜர் அல்ல என்று கண்டால் செயலியை மிகக் குறைந்த வேகத்திலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். பயனருக்கு அதுவும் ஹேங்க்தான். சார்ஜரைப் பிடுங்கியதும் வேகம் வந்துவிட்டால் ஐயம் உறுதியாகிறது. டச்பேடு மேலெழுந்து, சொடுக்கு தானாக விழுகிறதென்றால், கீழே பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உப்பிய பேட்டரியை அழுத்துவதும் காற்றை வெளியேற்றுவதாக ஊசியால் குத்துவதும் தீவிபத்தில் முடியும். மின்வேதியியலுக்கென்றே 1953 முதல் ஓர் ஆராய்ச்சி நிலையம் இயங்கும் காரைக்குடியில் அந்த ஊசி வைத்தியத்தை நான் இரண்டு முறை பார்த்துவிட்டேன்.

இத்தனையும் பார்த்த பிறகும் 32 பிட் செயலி மட்டுமே உள்ள கணினிகள் சில எஞ்சும். உபுண்டு அவற்றுக்கான நிறுவல் வட்டை எப்போதோ நிறுத்திவிட்டது. 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13-உம் அவற்றுக்கான நிறுவியைத் தரவில்லை. அத்தகைய கணினியில் டெபியன் 12-ஐ வைத்துக்கொண்டு, உலாவியை விட்டுவிட்டு, தட்டச்சுக்கும் கணக்குக்கும் மட்டும் பயன்படுத்தினால் அது ஹேங்க் ஆகாமல் ஓடும்.