கையேட்டில் ஒரு சொல் மாறும்போது: நெட்வொர்க் மென்பொருள் ஆவணங்களை ரிவ்யூ செய்யும் முறை

லினக்ஸில் இணைய வேகத்துக்கு வரம்பு போடும் டிசி கட்டளைக்கு ஒரு கையேடு. அதில் எடுத்துக்காட்டாக '10எம்பிட்' என்று இருக்கிறது. 'எல்லோருக்கும் பழகிய சொல்லாக மாற்றியிருக்கிறேன்' என்று ஒருவர் அதை '10எம்பிபிஎஸ்' ஆக்கி பேட்ச் (மாற்றத்தைச் சொல்லும் கோப்பு) அனுப்புகிறார். பார்வைக்கு எழுத்துப்பிழைத் திருத்தம் மாதிரிதான் இருக்கும். ஆனால் டிசி கட்டளையில் பிபிஎஸ் என்றால் நொடிக்கு இத்தனை பைட் என்று பொருள், பிட் என்று அல்ல. ஒரு பைட் எட்டு பிட். குடியாத்தத்தில் ஒரு கேபிள் நெட் ஆபரேட்டர் அந்தக் கையேட்டைப் பார்த்து அப்படியே அடித்தால், 10 மெகாபிட் கொடுக்க வேண்டிய இணைப்புக்கு 80 மெகாபிட் போய்விடும். கட்டளையும் பிழை எதுவும் சொல்லாமல் ஏற்றுக்கொள்ளும்.

சொல் திருத்தம் என்று வரும் பேட்ச்சுகள் பெரும்பாலும் நல்லெண்ணத்தோடு வருகிறவை. அதனால்தான் யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. இலக்கணத்துக்குப் போவதற்கு முன் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தப் புதிய வாக்கியத்தை நம்பி ஒருவர் தட்டச்சு செய்தால், பழைய வாக்கியத்தை நம்பியவருக்கு நடந்தது அல்லாமல் வேறு ஏதாவது நடக்குமா?

காட்பாடி, பாகாயம் கல்லூரிகளில் படித்துக்கொண்டே திறமூல வேலையில் நுழைய நினைப்பவர்களும், ஆம்பூர், வாலாஜா பக்கம் நெட்வொர்க் பராமரிக்கிறவர்களும் முதலில் கை வைக்க ஏற்ற இடம் இந்த ஆவண ரிவ்யூ. சி மொழியில் எழுதத் தெரிய வேண்டியதில்லை. படித்தால் ஓரளவு புரிந்தால் போதும். ரூட் (நிர்வாகி) அனுமதியோடு ஒரு லினக்ஸ் லேப்டாப் வேண்டும்.

மாறியது எது என்று பிரித்தெடுங்கள்

ஆவணக் கோப்புகளில் வரியை 80 எழுத்துக்குள் மடக்குவது வழக்கம். மேலே ஒரு சொல் நீண்டால் கீழே உள்ள வரிகள் எல்லாம் நகர்ந்து, டிஃப்பில் (பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுக் காட்டும் பட்டியலில்) பத்தி முழுவதும் சிவப்பும் பச்சையுமாகத் தெரியும். அதைக் கண்ணால் ஒப்பிடாதீர்கள். கட்டாயம் எதையாவது தவறவிடுவீர்கள். கோப்புகளின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கிட் மென்பொருளின் டிஃப் கட்டளைக்கு வேர்ட்-டிஃப் ஆப்ஷன் கொடுத்தால் மாறிய சொற்கள் மட்டும் தனியாக நிற்கும். கலர்-வேர்ட்ஸ் ஆப்ஷன் அதையே நிறத்தில் காட்டும். இருபது வரி மாறியதுபோல் தெரிந்த பேட்ச் பல சமயம் மூன்று சொல்லில் முடிந்துவிடும். அந்த மூன்றில் ஒன்று 'இல்லை' என்று பொருள்படும் 'நாட்' ஆக இருக்கலாம், காணாமல் போனது அதுவாகவும் இருக்கலாம்.

வரி மடக்கியதும் சொல் மாறியதும் ஒரே கமிட்டில் (வரலாற்றில் பதியும் ஒரு மாற்றத்தில்) கலந்து வந்தால், இரண்டாகப் பிரித்து அனுப்பச் சொல்லுங்கள். இதைக் கேட்கத் தயங்க வேண்டாம். பின்னால் வரலாறு தேடுகிறவருக்கு அதுதான் உதவி.

பழைய சொல் ஏன் அங்கே இருந்தது

கோணல்மாணலான வாக்கியத்துக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும். கிட் பிளேம் போட்டு அந்த வரி எந்தக் கமிட்டில் வந்தது என்று பாருங்கள். வரி இடம் மாறியிருந்தால் கிட் லாக் கட்டளையில் பெரிய எழுத்து எஸ் ஆப்ஷனோடு அந்தச் சொல்லையே கொடுத்துத் தேடலாம். 'இப்படி எழுதினால் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்' என்று ஐந்து வருடத்துக்கு முன்பே யாரோ காரணம் எழுதி வைத்திருப்பார்கள்.

லினக்ஸ் கெர்னலின் டிசிபி ஃபின் டைம்அவுட் அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கெர்னல் ஆவணம் அதை இப்படி விளக்குகிறது: எந்த நிரலும் உரிமை கொண்டாடாமல் அனாதையாகிவிட்ட இணைப்பு, ஃபின்-வெயிட்-2 நிலையில் (மறுமுனை மூடுவதற்காகக் காத்திருக்கும் நிலை) எவ்வளவு நேரம் கிடக்கலாம் என்பதே இது; இயல்பு மதிப்பு 60 நொடி. படிக்கச் சிரமமான வாக்கியம்தான். எளிமையாக்க வருகிறவர் 'டைம்-வெயிட் நிலையின் நேரம்' என்று சுருக்கிவிடுவார். சுருக்கமாகவும் பழகியதாகவும் இருக்கும், ஆனால் தவறு. டைம்-வெயிட் என்பது இரு பக்கமும் மூடிய பிறகு சற்றுக் காத்திருக்கும் நிலை. அதன் நேரமும் லினக்ஸில் 60 நொடிதான், ஆனால் அது கெர்னல் நிரலில் மாறிலியாக எழுதப்பட்டது, இந்த அமைப்பால் மாறாது. எண் ஒன்றாக இருப்பதால் பிழை வெளியே தெரிவதே இல்லை. சர்வரில் டைம்-வெயிட் குவிந்து கிடக்கிறது என்று இதை 15 ஆகக் குறைத்துவிட்டு, ஏன் பலனில்லை என்று விடியும்வரை தேடுகிறவர் உண்டு.

இயல்பு மதிப்புகளில் இன்னொரு வலை இருக்கிறது. நெட்வொர்க்குகள் தங்களுக்குள் வழித்தகவல் பரிமாறும் பிஜிபி நெறிமுறையின் தர ஆவணமான ஆர்எஃப்சி 4271, ஹோல்டு நேரத்துக்கு (மறுமுனையிடமிருந்து எதுவும் வராமல் காத்திருக்கும் வரம்பு) 90 நொடியும் கீப்அலைவுக்கு ('உயிரோடிருக்கிறேன்' செய்தியின் இடைவெளி) 30 நொடியும் பரிந்துரைக்கிறது. எஃப்ஆர்ஆர் ரவுட்டிங் மென்பொருளின் வழக்கமான இயல்பு 180, 60. டேட்டாசென்டர் புரொஃபைலில் அது 9, 3. ஆர்எஃப்சியைப் படித்தவர் எஃப்ஆர்ஆர் கையேட்டில் '180 என்பது தவறு' என்று 90 ஆக்கி அனுப்பினால், அவர் படித்தது சரி, திருத்தியது தவறு. நெறிமுறை என்ன சொல்கிறது என்ற கேள்விக்கு ஆர்எஃப்சியைப் பாருங்கள். மென்பொருள் என்ன செய்கிறது என்ற கேள்விக்கு அதன் நிரலையும், ஓடும் டீமனின் (பின்னணி நிரலின்) வெளியீட்டையும் பாருங்கள். கையேடு பேசுவது பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றி.

லேப்டாப்பில் ஓட்டிப் பாருங்கள்

நெட்வொர்க் சோதனைக்கு இரண்டு ரவுட்டர் வாங்க வேண்டியதில்லை. லினக்ஸின் நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் ஒரே லேப்டாப்புக்குள் இரண்டு தனி இயந்திரங்களைப் போல நடந்துகொள்ளும். ஐபி நெட்என்எஸ் கட்டளையால் காட்பாடி, வேலூர் என்று இரண்டு நேம்ஸ்பேஸ் உருவாக்குங்கள். ஒரு வெத் ஜோடியை உருவாக்குங்கள். அது இருமுனை கொண்ட மெய்நிகர் கேபிள். ஒரு முனையைக் காட்பாடிக்குள்ளும் மறுமுனையை வேலூருக்குள்ளும் நகர்த்திய பிறகு 192.0.2.1/24, 192.0.2.2/24 என்று முகவரி கொடுங்கள். முகவரியை முதலில் கொடுத்துவிட்டு நகர்த்தினால் அது அழிந்துபோகும். இரு முனைகளையும் தனித்தனியே 'அப்' செய்யவும் மறக்காதீர்கள். பிங் போகவில்லை என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இப்போது ஒரு பேட்ச்சைப் பாருங்கள். லினக்ஸ் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸ் விளக்கத்தில் 'டிராப்' ஆகும் என்று இருந்த இடத்தில் 'பிளாக்' ஆகும் என்று மாற்றியிருக்கிறார்கள், சொல் எளிமையாக இருக்கிறது என்று. வேலூர் நேம்ஸ்பேஸில் பைத்தானோடு வரும் எளிய வெப் சர்வரை 8080 போர்ட்டில் ஓட விடுங்கள். காட்பாடியிலிருந்து கர்ல் (டெர்மினலில் வலைப்பக்கம் எடுக்கும் கட்டளை) போட்டால் பக்கம் வரும். அடுத்து வேலூரின் இன்புட் சங்கிலியில் (உள்ளே வரும் பாக்கெட்டுகளுக்கான விதிப் பட்டியலில்) 8080க்கு டிராப் விதி போடுங்கள். மறுபடி கர்ல் போட்டால் பதிலே இல்லை. கர்சர் அப்படியே நிற்கும். விட்டுவைத்தால் ஒரு நிமிடத்துக்கு மேல் காத்திருந்துதான் கைவிடும். அந்த விதியை அழித்துவிட்டு ரிஜெக்ட் விதி போடுங்கள். இந்த முறை கண்மூடித் திறப்பதற்குள் 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்று வந்துவிடும், ஏனென்றால் ரிஜெக்ட் மறுப்பை ஐசிஎம்பி செய்தியாகத் திருப்பி அனுப்புகிறது. டிராப் எதையும் அனுப்பாது. இரண்டுமே 'பிளாக்'தான். ஆனால் பழுது பார்க்க வந்தவருக்கு இந்த வேறுபாடுதான் முதல் துப்பு. 'பிளாக்' என்ற சொல் அந்தத் துப்பை அழித்துவிடுகிறது.

இந்தச் சோதனையில் இரண்டு இடத்தில் வழுக்கும். டிராப் விதியை அழிக்காமல் ரிஜெக்ட்டைக் கீழே சேர்த்தால் மேலே உள்ளதே முதலில் பொருந்தும், முடிவு மாறாது. ஐபி நெட்என்எஸ் எக்ஸெக் என்பதை முன்னால் போட மறந்தால் விதி உங்கள் நிஜ இயந்திரத்திலேயே விழும். எஸ்எஸ்எச் வழியாகத் தொலைவிலிருந்து நுழைந்திருப்பவர், சோதிக்கும் போர்ட் எஸ்எஸ்எச்சின் 22 என்றால், தன் கதவைத் தானே பூட்டிக்கொள்வார்.

டிசி விஷயத்தையும் இதே அமைப்பில் பார்த்துவிடலாம். காட்பாடி முனையில் டிபிஎஃப் என்ற வகை வேகக் கட்டுப்பாட்டை 10எம்பிபிஎஸ் என்று போட்டுவிட்டு, டிசி கியூடிஸ்க் ஷோ அடியுங்கள். திரையில் 80எம்பிட் என்று திரும்பி வரும். அந்த ஒரு வரியை அப்படியே எடுத்து ரிவ்யூவில் ஒட்டினால் வாதம் முடிந்தது.

ஓட்டிப் பார்க்க முடியாத சொற்களும் உண்டு. 'நெக்ஸ்ட் ஹாப்' என்று இருந்ததை 'டெஸ்டினேஷன்' என்று மாற்றிய பேட்ச்சை எந்தக் கட்டளையும் பிடித்துக் கொடுக்காது. வேலூரிலிருந்து ரயிலில் சென்னை போக நினைப்பவர் முதலில் காட்பாடி ஜங்ஷனுக்குப் போகிறார். காட்பாடி அவருக்கு நெக்ஸ்ட் ஹாப், சென்னை டெஸ்டினேஷன். ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட்டால் பயணச்சீட்டே தப்பு. விபிஎன் மென்பொருளான வயர்கார்டின் அலவுட் ஐபிஸ் என்ற சொல்லிலும் இந்தக் கவனம் வேண்டும். உள்ளே வரும் பாக்கெட்டின் மூல முகவரியைச் சரிபார்க்கவும், வெளியே போகும் பாக்கெட்டை எந்தப் பியருக்கு (மறுமுனை இயந்திரத்துக்கு) அனுப்புவது என்று தீர்மானிக்கவும் அதே பட்டியல்தான் பயன்படுகிறது. 'உள்ளே அனுமதிக்கப்படும் முகவரிகள்' என்று அழகாக எழுதிவிட்டால் பாதி பொருள் போய்விடும்.

மஸ்ட், ஷுட், முகவரிகள்

'ஷுட்' என்பதை 'மஸ்ட்' ஆக்குவது நடைத் திருத்தம் அல்ல. விதிவிலக்கே இல்லாத கட்டாயம் என்றால் மஸ்ட். தகுந்த காரணம் இருந்தால் விட்டுவிடலாம் என்ற பரிந்துரை என்றால் ஷுட். இந்தச் சொற்களுக்கு 1997இல் வந்த ஆர்எஃப்சி 2119 இலக்கணம் வகுத்தது. பெரிய எழுத்தில் இருந்தால் மட்டுமே அந்தச் சிறப்புப் பொருள் என்று 2017இல் ஆர்எஃப்சி 8174 தெளிவாக்கியது. ஆகவே 'கத்துவதுபோல் இருக்கிறது' என்று பெரிய எழுத்தைச் சிறிய எழுத்தாக்கும் பேட்ச்சையும் சும்மா விடாதீர்கள்.

எடுத்துக்காட்டு முகவரிகளை 'நிஜமாகத் தெரியட்டும்' என்று மாற்றினால் மறுத்துவிடுங்கள். ஆவணங்களுக்கென்றே 192.0.2.0/24, 198.51.100.0/24, 203.0.113.0/24 என்ற மூன்று தொகுதிகளை ஆர்எஃப்சி 5737 ஒதுக்கியிருக்கிறது. பிஜிபியில் ஒரு நெட்வொர்க்கைக் குறிக்கும் ஏஎஸ் எண் வேண்டுமானால் 64496 முதல் 64511 வரை. இவற்றை யாராவது அப்படியே ஒட்டினாலும் வேறொருவர் நெட்வொர்க்குக்குத் தீங்கு வராது. 192.168.1.1 போட்டால் படிக்கிறவரின் வீட்டு ரவுட்டர் முகவரியோடேயே மோத வாய்ப்பு அதிகம்.

பில்டு செய்து பாருங்கள்

ஆவணங்களை எச்டிஎம்எல் பக்கமாக்கும் ஸ்பிங்க்ஸ் கருவியைப் பயன்படுத்தும் திட்டமாக இருந்தால் பெரிய எழுத்து டபிள்யூ ஆப்ஷனோடு பில்டு செய்யுங்கள். எச்சரிக்கைகள் எல்லாம் பிழையாகி நிற்கும். தலைப்பு நீண்டு, அதன் கீழுள்ள அடிக்கோடு நீளாமல் விட்டிருந்தால் இங்கேயே மாட்டும். மாட்டாத ஒன்று உண்டு. கட்டளை ஆப்ஷனை இரட்டை பேக்டிக்குக்குள் வைக்காமல் சாதாரண வாக்கியத்தில் விட்டால், இரண்டு ஹைஃபனை ஸ்பிங்க்ஸ் ஒரே நீளக்கோடாக மாற்றிவிடும். காப்பி செய்து ஒட்டினால் கட்டளை ஓடாது, கண்ணுக்கு வேறுபாடும் எளிதில் தெரியாது. எனவே உருவான எச்டிஎம்எல் பக்கத்திலிருந்தே காப்பி செய்து டெர்மினலில் ஒட்டிப் பாருங்கள்.

தலைப்பின் சொல் மாறினால் அதன் ஆங்கர் (அந்தப் பகுதிக்கு நேரே போகும் முகவரி) மாறும். வெளியிலிருந்து வந்துகொண்டிருந்த சுட்டிகள் சரியான பகுதியில் போய் நிற்காது.

மொழிபெயர்ப்புள்ள திட்டத்தில் இன்னொரு விலையும் இருக்கிறது. மூல வாக்கியத்தில் ஒரு காற்புள்ளி மாறினாலும் மொழிபெயர்ப்புகளை வைத்திருக்கும் கெட்டெக்ஸ்ட் கோப்பில் அதன் மொழிபெயர்ப்பு 'ஃபஸ்ஸி' (மறுபடி சரிபார்க்க வேண்டியது) ஆகி, வெளியீட்டில் ஆங்கிலமே திரும்பி வரும். தமிழாக்கம் செய்யும் கைகள் குறைவு. பொருள் மாறாத, வாசிப்பும் எளிதாகாத ரசனைத் திருத்தங்களுக்காக நாற்பது வாக்கியங்களை மறுபடி மொழிபெயர்க்க வைப்பது நியாயமில்லை என்று தயங்காமல் எழுதுங்கள்.

அதே நேரம், ஆங்கிலம் இரண்டாம் மொழியாக இருப்பவர் ஒரு வாக்கியத்தை இரண்டு முறை படித்தும் புரியவில்லை என்றால் அது கையேட்டின் குறை. ஆற்காட்டிலோ ஆரணியிலோ இருந்து படிக்கிறவர் இடறும் இடத்தைக் கையேட்டை எழுதுகிறவரால் பார்க்க முடியாது. மூன்று துணைவாக்கியம் கொண்ட வாக்கியத்தை உடைக்கச் சொல்லும் பேட்ச்சுக்கு, எங்கே இடறியது என்று சொல்லி ஆதரவு கொடுங்கள்.

ரிவ்யூவை எழுதும் விதம்

'நன்றாக இருக்கிறது' என்று மட்டும் எழுதினால் பராமரிப்பாளருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. எந்தக் கெர்னல் பதிப்பில், எந்தக் கட்டளை ஓட்டினீர்கள், என்ன வெளியீடு வந்தது என்று எழுதுங்கள். மாற்றியே ஆக வேண்டியதையும் விருப்பமிருந்தால் மாற்றலாம் என்பதையும் பிரித்துச் சொல்லுங்கள். மறுக்கும் வாக்கியத்துக்குப் பதிலாக வேறொரு வாக்கியத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள். 'டிராப்' சரி, ஆனால் கடினம் என்றால், 'பதில் எதுவும் அனுப்பாமல் பாக்கெட்டைக் கைவிடும்' என்று விரித்து எழுதலாம் என்று காட்டினால் பேட்ச் அனுப்பியவரின் நோக்கமும் நிறைவேறும்.

லினக்ஸ் கெர்னலின் நெட்வொர்க் ஆவணங்களுக்கு ரிவ்யூ மின்னஞ்சலில்தான் நடக்கும். எச்டிஎம்எல் மின்னஞ்சலை அங்கே ஏற்க மாட்டார்கள், வெறும் எழுத்தாக அனுப்புங்கள். நீங்கள் பொறுப்பேற்கத் தயார் என்றால் மட்டும் 'ரிவ்யூட்-பை' வரியில் உங்கள் பெயரைப் போடுங்கள். ஓட்டி மட்டும் பார்த்திருந்தால் 'டெஸ்டட்-பை'. திருத்திய பேட்ச்சை 24 மணி நேரத்துக்குள் மறுபடி அனுப்பக் கூடாது என்பது அங்குள்ள விதி. அதை அனுப்புகிறவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.